எலுமிச்சை ஆகாது என்ற அக்கா

அல்வால்
14-2-1974

துரைராஜின் அப்பாவுக்கு, தாயம்மாள் கும்பிட்டு எழுதுவது. உங்கள் கால்வலி எப்படி இருக்கிறது? இங்கே மகனுக்குக் காமாலை இறங்கி வருகிறது, பயப்பட வேண்டாம். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது, அவ்வளவுதான்.

டாக்டர் என்னைத்தான் ஏசினார். "யாரும்மா பழத்தை நிறுத்தச் சொன்னது? ஈரல் கெட்டா உடம்புல வைட்டமின் சி தானா குறையும். நீங்களும் கொடுக்காம விட்டா எப்படித் தேறுவார்?" என்றார்.

நிறுத்தச் சொன்னது உங்கள் அக்கா. காமாலைக்குப் புளிப்பே ஆகாது, எலுமிச்சை வாசம்கூடப் படக்கூடாது என்று உங்கள் கையால் எழுத வைத்தார். நானும் நம்பி வெறும் கஞ்சியாக ஊற்றினேன். பேத்தி கொய்யா தின்றால் இவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தான். இவனைப் பெற்றுப் படுத்திருந்தபோது எனக்குக் குடிக்கத் தண்ணீரையே அளந்து கொடுத்த மகராசி அவர். நான் எதையும் மறக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதிய உங்களையும் விடப்போவதில்லை.

நம் கொல்லை நெல்லிக்காய் வேண்டும். வேகவைத்தால் சத்துப் போய்விடுமாம், பச்சையாகவே இருக்கட்டும். அக்காவைக் கேட்காமல் பறியுங்கள். மகன் கூப்பிடுகிறான், முடிக்கிறேன். யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நீங்களே ரயிலேறி வாருங்கள். இந்த ஊரில் எனக்குச் சண்டை போடக்கூட ஆள் இல்லை.

தாயம்மாள்