டெக்னிக்கல் ரவுண்டுக்கு வந்த கல்யாணத் தரகன்

உலகில் ஒருவரும் நம்பப்போகாத கதை ஒன்றை எழுதப்போகிறேன் என்று சத்தியம் செய்து தொடங்குகிறேன். எழுந்து வந்து மறுத்துப் பேச உன்னால் இனி முடியாது என்பதால் தைரியமாகவே எழுதுகிறேன்.

காலையில் பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை வாசம். உடனே உன் கோட்டு ஞாபகம் வந்து எரிச்சல் பற்றிக்கொண்டது. தாராவிக்கே ஒரே கோட்டு அது. நீ பேசி முடித்த மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் பெண் பார்க்கப் போட்டுக்கொண்டு போனது. அதை எனக்கும் மாட்டிவிட்டாயே, பாவி!

நான் வேலை பார்த்த தோல் பை கம்பெனி மூடியிருந்தது. நாற்பத்தாறு வயதில் சாஃப்ட்வேர் டெஸ்டிங், அதாவது அடுத்தவன் எழுதிய செயலியில் குறை கண்டுபிடிக்கும் வேலை, படித்து முடித்திருந்தேன். வாஷியில் ஒரு கம்பெனி இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. அதுவும் போனால் மகளின் காலேஜ் படிப்பை நிறுத்த வேண்டும். வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் புத்தகத்தைத் திறந்ததும் எதிரே நீ வந்து உட்கார்ந்தாய்.

"கேள்வி கேக்க ஒரு ஆளு வேணும்லா. நான் கேக்கேன்."

"உனக்குக் கம்ப்யூட்டர் பத்தி என்னல தெரியும்?"

"பொண்ணு வீட்டுக்காரன் கேக்காத கேள்வியா? எத்தனை மாப்பிள்ளைய தேத்தி அனுப்பியிருக்கேன்!"

ஒரு லிஃப்டை எப்படிச் சோதிப்பாய் என்பது இந்த வேலைக்கு வழக்கமாகக் கேட்கும் கேள்வி. தாளில் எழுதிப் பழகினால் போதும். நீயோ என்னைச் செம்பூருக்கு இழுத்துப்போய், யார் வீட்டுக் கட்டடமோ, லிஃப்டில் ஏற்றி எல்லாப் பொத்தானையும் ஒன்றாக அமுக்கினாய். அது கூரையைப் பிய்த்துக்கொண்டு லோனாவ்லா மலை வரை போய், டீ குடித்துவிட்டுத் திரும்பி, நடு மாடியில் நின்றது.

"அரே, கோன் ஹை உப்பர்?" மேலே யாரென்று வாட்ச்மேன் கத்தினான்.

"டெக்னிக்கல் ரவுண்டு சல் ரஹா ஹை!" தொழில்நுட்பக் கேள்விச் சுற்று நடக்கிறதென்று நீ பதிலுக்குக் கத்தினாய்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அனுபவம் இருக்கான்னு கேப்பாங்களே, அதுக்கு என்னல சொல்ல?"

"ஏற்கெனவே கல்யாணம் முடிச்ச அனுபவம் இருக்கான்னு மாப்பிள்ளைகிட்ட எவனாவது கேக்கானா? இருந்தாத்தான்ல சிக்கல்!"

வாஷியில் அந்தக் கோட்டோடு போய் நின்று, இண்டர்வியூ நடத்திய மராத்தி அம்மாளிடம் அதையே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. லிஃப்ட் கேள்வியும் வரவில்லை. வந்த கேள்விகளில் பாதிக்குப் பதில் தெரியவில்லை. "சொல்லி அனுப்புகிறோம்" என்றாள். வெளியே காத்திருந்த உன்னிடம் சொன்னதும் உன் முகம் தொங்கிப்போனது.

"போச்சுல. பொண்ணு பிடிக்கலன்னா, ஊருக்குப் போயி லெட்டர் போடுதோம்னு நான்தான சொல்லிக் குடுப்பேன்!"

மறுநாள் எனக்குத் தெரியாமல் தட்டில் வெற்றிலை, வாழைப்பழம், மாட்டுங்காவில் வாங்கிய கதம்பம் சகிதம் அந்த ஆபீசுக்குப் போய் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறாய். மறுத்ததற்குக் காரணம் கேட்காமல் தரகன் எழமாட்டானாம். "பையனுக்குக் குடி கிடையாது, வாய்தான் கொஞ்சம் நீளம்" என்று உன் இந்தியில் வாதாடினாயாம். மூன்று மாதம் வைத்துப் பார்க்கிறோம் என்று அவள் சொன்ன பிறகே கிளம்பினாயாம். நான் வேலையில் சேர்ந்த அன்று அவளே சொன்னாள். மானம் மும்பை முழுக்கக் கப்பலேறியது. ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை.

நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கென்று சேர்ந்தவன் அங்கேதான் இன்னும் இருக்கிறேன். நீங்கள் அவருக்கு யார் என்று அன்று அவள் கேட்டதற்கு, "படா பாயி" என்றாயாம். அண்ணனாம்! என்னைவிட இளையவன் நீ. எனக்குக் கூடப்பிறந்தவர் என்று யாரும் கிடையாது. நீ போன விஷயம் தெரியாத அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணன் எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கிறாள். "டீக் ஹை, மேடம்", நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டு நடக்கிறேன்.

இதில் பெரும்பகுதி நான் ஊதிப் பெருக்கியது. நீ அண்ணன் என்று சொன்னது மட்டும் நிஜம்.