பில்டர் மாற்றிய அன்று வேன் ஓடிக்கொண்டிருந்தது

இன்று காலை வேனின் டீசல் பில்டரை மாற்றினேன். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவியாயிற்று, தேசிக்காய்த் தோலையும் தேய்த்துப் பார்த்தாயிற்று. வாடை போகவில்லை. மத்தியானம் சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் டீசல். அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் படிக்கப் போவதில்லை என்று தெரியும். இருந்த காலத்திலும் கட்டின பெண்டாட்டி சொன்னதை முழுசாகக் கேட்ட மனிதர் இல்லையே நீங்கள்.

"கராஜ்ல குடுத்தா அரை மணித்தியாலத்துல செஞ்சு குடுத்துருவாங்கம்மா. நீங்க ஏன் கெடந்து கஷ்டப்படுறீங்க?" என்று நம் மகள் கேட்டாள். அவளுக்கு என்ன சொல்ல? உன் அப்பா எனக்கு வேனில் விட்டுக்கொடுத்த வேலை இது ஒன்றுதான் என்று சொல்லவா? பிளாஸ்டிக் பேசின் ஒன்றை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டேன்.

முன் சீட்டைத் தூக்கினால் எஞ்சின், அதற்குப் பக்கத்தில் பில்டர். அடியில் பேசினை வைத்து, கீழே இருக்கிற மூடியைத் தளர்த்தி டீசலை வடித்துவிட்டு, பில்டரைப் பட்டியால் சுற்றிப் பிடித்துக் கழற்ற வேண்டும். பழைய ரப்பர் வளையம் சில நேரம் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். விரலால் தடவிப் பார்த்து அதை எடுக்காமல் புதியதைப் பூட்டினால் டீசல் கசியும். புதிய வளையத்துக்குக் கொஞ்சம் டீசல் பூசி, கையாலேயே இறுக்க வேண்டும். இவ்வளவும் ஒரு ஆள் வேலை. அதன் பிறகு காற்றெடுக்கிற வேலை இருக்கிறதே, அதற்குத்தான் இரண்டு பேர். ஒருவர் பில்டரின் தலையில் இருக்கிற கை பம்பை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர் திருகாணியைச் சற்றுத் தளர்த்தி, குமிழி நின்று சுத்தமாக டீசல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே காற்று நின்றுவிட்டால் வேன் கிளம்பாது, கிளம்பினாலும் பாதி வழியில் நின்று மானத்தை வாங்கும்.

அந்த இரண்டாவது ஆள் நான். இருபது வருஷம். நீங்கள் திருகாணிப் பக்கம் குனிந்துகொண்டு, "அடி... அடி... ம், நிறுத்து. திரும்ப அடி" என்பீர்கள். நான் கட்டை விரல் மரத்துப்போகும் வரைக்கும் அழுத்துவேன். பம்ப் இறுகி, இனி உள்ளே போகாது என்று நிற்கிறபோது உங்களுக்கு முன்னால் என் விரலுக்குத் தெரிந்துவிடும். "சரி, இறுகிருச்சு" என்பேன். அதைக் கேட்டுத்தான் நீங்கள் திருகாணியை முடுக்குவீர்கள். வேலை தொடங்கும் முன் மறக்காமல் கேட்டை மட்டும் சாத்திவிடுவீர்கள். பெண்டாட்டி வேனுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பதை ரோட்டில் போகிறவன் பார்த்துவிடக் கூடாதல்லவா? பிறகு குளித்துவிட்டு தேத்தண்ணிக் கடைக்குப் போய், "நம்ம வண்டில எவன் கையும் பட்டதில்ல" என்று சொல்வீர்கள். உண்மைதான். எவன் கையும் படவில்லை. என் கையை நீங்கள் ஒரு கையாகவே எண்ணவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, ஒரே ஒரு தடவை ஸ்டியரிங்கையும் கொடுத்தீர்கள். மகளுக்குப் பத்து வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல்லேகலை மைதானத்துக்குப் பின்னால் வாகனம் ஓட்டப் பழகுகிறவர்கள் வரும் அந்த வெறும் ரோட்டில், என்ன நினைத்தீர்களோ, "வா, ஒக்காரு" என்றீர்கள். கிளச்சை விட்டேன், குலுங்கி நின்றது. திரும்ப விட்டேன், நகர்ந்தது. பின் சீட்டில் இருந்து மகள் கை தட்டினாள். நீங்களும் சிரித்தீர்கள். "காலுக்கு நல்ல பக்குவம் இருக்கு புள்ள" என்று கூடச் சொன்னீர்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாட்களை எண்ண ஒரு கை விரல் போதும்.

நூறு யார் தாண்டியிருக்க மாட்டேன். எதிரே உங்கள் ஸ்டாண்டில் ஓடுகிற இன்னொரு வேன்காரர் வந்தார். பக்கத்தில் நிறுத்தித் தலையை வெளியே நீட்டி, "என்னா மச்சான், ட்ரைவர மாத்திட்டியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். அவ்வளவுதான். "எறங்கு" என்றீர்கள். வீட்டுக்கு வந்ததும், "நாளைக்கு ஸ்டாண்டுல நான் மொகத்த எங்க கொண்டு வைக்கிறது?" என்று என்னைக் கேட்டீர்கள், நான் என்னவோ உங்கள் வேனைத் திருடிக்கொண்டு போனது போல. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு வாய்க்குப் பயந்து உங்கள் பெண்டாட்டியை இறக்கிவிட்டீர்களே, அதுதான் ஆறவில்லை.

ஆறேழு வருஷம் கழித்து இன்னொரு தரம் கேட்டேன். தீபாவளிக்கு மறுநாள், நீங்கள் நல்ல மனநிலையில் இருந்தீர்கள். "லைசன் எடுத்துக்கிறேனே. ஆத்திர அவசரத்துக்கு ஒதவும்ல?" என்றேன்.

"நான் இருக்கையில ஒனக்கு என்னா அவசரம் வரப்போவுது?" என்றீர்கள்.

அது அன்பான பேச்சு என்று நினைத்து நானும் சிரித்தேன். உங்கள் மேல் இருக்கிற கோபத்தில் பாதி அந்தச் சிரிப்புக்காக என் மேல் இருக்கிறது.

பிறகு நாட்டில் எதுவும் கிடைக்காத அந்த வரிசை நாட்கள் வந்தன. எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, டீசலுக்கு வரிசை. பள்ளிக்கூடங்களைத் திரும்பத் திறக்கப் போகிறார்கள், வேன் பிள்ளைகளை ஏற்ற வேண்டும் என்று நீங்கள் இரண்டு பகலும் இரண்டு இரவும் பெற்றோல் செட்டில் நின்று டீசல் அடித்துக்கொண்டு வந்தீர்கள். நான் சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டு கடுகண்ணாவை டவுனுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். அடித்த டீசலில் தண்ணீர் கலந்திருந்ததோ என்னவோ, வேன் இழுவைக்கு இழுவை குலுங்கியது. எப்போதோ வாங்கி அலுமாரி மேல் வைத்திருந்த புது பில்டரை எடுத்தீர்கள். காலை எட்டு மணி. வழக்கம் போல் கேட்டைச் சாத்தினீர்கள். "அடி... அடி... நிறுத்து."

அன்றைக்கு உங்களுக்கு வேர்த்தது. பனிக் காலையில் இவ்வளவு வேர்வையா என்று பார்த்தேன், கேட்கவில்லை. பம்ப் இறுகியது. நீங்கள் ஏறிச் சாவியைத் திருப்பியதும் ஒரே பிடியில் கிளம்பியது. "பாத்தியா, தையல் மெசின் மாதிரி ஓடுது!" என்றீர்கள். இறங்கி வேன் படியிலேயே உட்கார்ந்து, தண்ணீர் கேட்டீர்கள். நான் செம்போடு வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தீர்கள். "வாயு... இஞ்சி தட்டிப் போடு" என்றீர்கள். இஞ்சி தட்டினேன். அதில் பத்து நிமிடம் போனது. அதற்குள் உங்கள் உதடு நிறம் மாறிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். நாடு முழுக்க வாகனங்கள் டீசல் இல்லாமல் நின்ற நாளில் நம் முற்றத்தில் ஒரு வேன், அரை டாங்கி டீசலோடு, புது பில்டரோடு, காற்று ஒரு குமிழி கூட இல்லாமல் ஓடிக்கொண்டு நின்றது. காற்றெடுத்தவள் நான். அதை ஓட்டத்தான் எனக்குத் தெரியாது.

ஆம்புலன்சுக்குப் போன் எடுத்தேன். வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, வரச் சுணங்கும் என்றார்கள். மகள் வேலைக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்கு ஓடினேன், அவர் வரிசையில். மேல் வீட்டு ஆட்டோக்காரரும் வரிசையில். அன்று நம் பாதையில் வாகனம் ஓட்டத் தெரிந்த ஆண்கள் அத்தனை பேரும் செட்டில் நின்றார்கள், வீடுகளில் ஓட்டத் தெரியாத பெண்கள் இருந்தோம். பக்கத்து வீட்டு அக்காவை உங்களோடு உட்கார வைத்துவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். செருப்பு எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியாது. வரிசையில் போய் நின்று, "யாராவது வாங்க, வேன் இருக்கு, ஓட்ட ஆள் இல்ல" என்று கத்தினேன். தமிழில் கத்தினேனா சிங்களத்தில் கத்தினேனா, அதுவும் ஞாபகம் இல்லை. முன்பின் தெரியாத சிங்களவர் ஒருவர், பம்புக்கு நாலாவது ஆளாக நின்றவர், தன் வண்டியை அப்படியே விட்டுவிட்டு என்னோடு ஏற்றத்தில் ஓடி வந்தார். அவருக்கு இடம் போயிருக்கும். அவர் பெயரைக் கூட நான் கேட்கவில்லை.

நாங்கள் வந்தபோதும் வேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நீங்கள்தான் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். உங்களை ஏற்றிக்கொண்டு பிலிமத்தலாவை தாண்டும்போது உங்கள் கை என் மடியில் இருந்து வழுக்கி விழுந்தது. எடுத்து வைத்தேன், திரும்பவும் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் பிள்ளை, நம் மகளை விட இரண்டு மூன்று வயது மூப்பாக இருக்கும், "கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தா பாத்திருக்கலாம்மா" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள்.

செத்த வீட்டில் எல்லோரும் உங்களைப் புகழ்ந்தார்கள். தங்கமான மனிதராம், பெண்டாட்டியை ஒரு கஷ்டம் தெரியாமல் வைத்திருந்தாராம். பல்லேகலையில் சிரித்துவிட்டுப் போன அந்த மச்சானும் வந்திருந்தார். "வேன வித்துருங்க தங்கச்சி, ஓட்ட ஆள் இல்லாம ஏன் சும்மா நிக்கணும்?" என்றார். அவருக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொடுத்தேன். வேறு என்ன கொடுக்க நினைத்தேன் என்று இங்கே எழுதினால் மரியாதை இல்லை.

முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த கையோடு வேன் ஓட்டப் பழகப் போனேன். "கண் கெட்ட பெறகு சூரிய நமஸ்காரமா?" என்று உங்கள் அக்கா கேட்டார்கள். ஆமாம், அதேதான் என்றேன். முதல் சோதனையில் ஏற்றத்தில் வண்டியை நிற்பாட்டிவிட்டேன், இரண்டாம் முறை தேறினேன். லைசன் கைக்கு வந்த மறுநாள், யாருக்கும் சொல்லாமல், நம் முற்றத்தில் இருந்து வேனை எடுத்தேன். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு எடுத்தேன். பிலிமத்தலாவையில் பஸ்காரன் ஹோர்ன் அடித்துத் திட்டினான். பழகாத கை. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும் காவலாளி ஓடி வந்து, கண்ணாடி வழியே பின் சீட்டை எட்டிப் பார்த்து, நோயாளி எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

இருபத்து மூன்று நிமிடம். அன்று உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. யாரும் இல்லை என்று காவலாளியிடம் சொல்லி வேனைத் திருப்பினேன். என் அழுகையைப் பார்த்துவிட்டு அவரே பின்னால் வந்த வண்டிகளை நிறுத்தி எனக்கு வழி விட்டார்.

இப்போது, "நம்ம புள்ளைங்க" என்று நீங்கள் சொல்வீர்களே, அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நான்தான் கண்டிக்கு ஏற்றிப் போகிறேன். பில்டரை நானே மாற்றுகிறேன். காற்றெடுக்க ஆள் கிடையாது. இருபது தரம் அழுத்துவது, எட்டித் திருகாணியைப் பார்ப்பது, திரும்ப வந்து அழுத்துவது. கேட்டை அகலத் திறந்து வைத்துக்கொண்டுதான் செய்கிறேன்.

இந்த மடலை, உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதி முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பொய் எழுத வரவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வேனோடு திரும்பும் ஒவ்வொரு காலையும், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது என் கண் மணிக்கூட்டுக்குப் போய்விடுகிறது. நம் முற்றத்தில் வந்து நிறுத்தியதும் திரும்பப் பார்க்கிறேன். கை பழகப் பழக நேரம் குறைகிறது. நேரம் குறையக் குறைய உங்கள் மேல் கோபம் கூடுகிறது. போன கிழமை பதினாறு நிமிடம்.