செம்பு தொட்ட நெல்லிச்சாறு

நேற்று நம் மகளின் கல்லூரித் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். பையிலிருந்து ஒரு செம்புப் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். பழைய காசை உள்ளங்கையில் நெடுநேரம் பொத்தி வைத்திருந்தால் வரும் வாடை எனக்கு எட்டியது. அவ்வளவு தூரத்துக்கு அது வந்திருக்க முடியாது என்று மகள் பிறகு சொன்னாள். அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூட நான் பார்க்கவில்லை. "உள்ள வெறும் வெள்ளந்தானே மக்கா?" என்று கேட்டேன். வெறும் தண்ணீர்தான் என்று அந்தப் பெண் சிரித்தாள். பிறகுதான் அடுப்பை அணைத்தேன். நீங்கள் கண் மூடி இரண்டு வருடமாகிறது. உங்களிடம் அல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வேன்?

துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்த நீங்கள், இனி போகமாட்டேன் என்று பெட்டியைப் பரணில் ஏற்றினீர்கள். தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கடை பிடித்தீர்கள். சுற்றிலும் சர்பத்தும் எலுமிச்சைச் சாறும் விற்றுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் நெல்லிச்சாறு விற்றீர்கள். அதற்காக நாகர்கோவிலில் இரண்டு செம்புப் பானைகள் வாங்கினீர்கள். உள்ளே ஈயம் பூசித் தரட்டுமா என்று பாத்திரக்கடைக்காரர் கேட்டாராம். வேண்டாம், செம்பு நேராகப் பட்டால்தான் குணம் என்று சொல்லி வாங்கி வந்தீர்கள். நெல்லிக்காய் உடம்புக்கு நல்லது. செம்பில் வைத்த தண்ணீரும் நல்லது. இரண்டு நல்லது ஒன்று சேர்ந்தால் கெட்டது வரும் என்று எனக்கும் தோன்றவில்லை, நம் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

காலையில் பிழிந்தது மதியத்துக்குள் விற்றுவிடும். அதனால்தான் ஒரு வருடம் ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு புரிந்தது. அடுத்த வருட ஐப்பசியில் ஒருநாள் காலையிலேயே அடைமழை. கடைத்தெருவில் ஆளே இல்லை. பானையில் முக்கால்வாசி சாறு மிஞ்சியது. "நல்ல சாதனம், வெறுதே களையாண்டாம் கேட்டியா" என்று கொட்ட மனமில்லாமல் மூடி வைத்துவிட்டு வந்தீர்கள். மறுநாள் அதிலேயே புதிதாகப் பிழிந்து ஊற்றினீர்கள். பள்ளிக்கூடம் போகிற வழியில் நம் மகளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தீர்கள். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுவதும் குடித்தாள்.

நான் அவளைப் பள்ளியில் விட்டு வீட்டுக்கு வந்து துணி துவைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. உங்கள் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"ஏட்டி, பிள்ளைய போய்ப் பாரு. நம்ம கடையில குடிச்ச பிள்ளைவளுக்கு சர்த்தி நிக்கல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு."

வாந்தி என்றதும் ஈரச் சேலையோடு பள்ளிக்கு ஓடினேன். அந்தச் சாலையில் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன், அன்றைக்கு அது முடியவே இல்லை. எதிரே வந்த ஒவ்வொரு ஆட்டோவிலும் என் பிள்ளை படுத்திருப்பதாகத் தோன்றியது. வகுப்பில் அவள் பெஞ்சில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. "அம்மா, வாயில காசு சவைச்ச மாதிரி இருக்கு" என்றாள். அவளைத் தூக்கிய மறுநொடி என் தோளிலேயே வாந்தி எடுத்தாள். அதில் இலேசாகப் பச்சையும் நீலமும் கலந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் பள்ளி மாணவிகள் மூன்று பேர் கட்டிலில் சுருண்டு கிடந்தார்கள். பழைய சாப்பாடு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மருத்துவம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண்ணின் அப்பா, கொல்லங்கோட்டு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்ப்பவர், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றார். என் தம்பி உங்களை வாசலில் வைத்து மறித்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், ஆளு கூடியாச்சு. கொஞ்ச நாளைக்கு அருமனை ஊருக்குப் போயிருங்க. நம்ம கடைன்னு இதுவரைக்கும் ஆருக்கும் தெரியாது."

உங்கள் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. நம் மகள் என் தோளில் கிடப்பதை அப்போதுதான் பார்த்தீர்கள். அந்த நேரத்தில் உங்கள் முகம் எப்படி இருந்தது என்று இன்றுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. தம்பியின் கையை விலக்கிவிட்டு உள்ளே வந்தீர்கள். எல்லோரும் கேட்கும்படியே டாக்டரம்மாவிடம் சொன்னீர்கள்:

"என் கடையிலயாக்கும் குடிச்சது. நெல்லிச்சாறு. செம்புப் பானையில நேத்து காலத்த இருந்து கெடந்தது."

உங்கள் பற்கள் ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. சுவரோரம் நின்றவர் உங்களை நோக்கி வந்தார், கை ஓங்கினார். நீங்கள் நகரவில்லை. கட்டிலில் கிடந்த அவர் மகள் "அப்பா" என்று கூப்பிட்டதும் அவர் கை தானாகவே இறங்கியது. டாக்டரம்மா வேறெங்கோ போன் போட்டுக் கேட்டு, மருந்தை மாற்றினார். நால்வருக்கும் இரத்தம் எடுத்து அனுப்பினார்.

பொழுது சாய்வதற்குள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். கடைசியாகக் கண் திறந்தது நம் பிள்ளை.

பிறகுதான் டாக்டரம்மா நம்மை உட்காரவைத்து விளக்கினார். புளிப்பு பானையின் உட்பரப்பை அரித்து, செம்பு சாற்றில் இறங்கிவிட்டது. வாந்திக்குக் காரணம் அதுதான். அதோடு நிற்கவில்லை. நெல்லியில் இருக்கும் சத்து உடம்பு துருப்பிடிப்பது போலக் கெடாமல் காக்கிறது. ஆனால் அதே சத்து செம்பைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் காற்றில் உள்ள பிராணவாயுவைப் பிடித்து வேறொன்றை உண்டாக்குகிறது. புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அந்த மருந்தின் இனம். காக்க வேண்டியதே அரிக்கத் தொடங்கிவிடும் என்றார். நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "அப்ப நெல்லிக்கா கெட்டுப் போகல்லியா?" இல்லை, நெல்லிக்காய் எப்போதும் போலத்தான் இருந்தது, தொட்ட இடம்தான் வேறு என்றார் அவர். அந்தப் பதில்தான் உங்களை அதிகம் பயமுறுத்தியது. கெட்டதென்றால் மோந்து பார்த்து ஒதுக்கலாம். நல்லதே இப்படி மாறுமானால் எதை நம்புவது?

அடுத்த இரத்தப் பரிசோதனை வரும்வரை நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. விடிந்ததும் பிள்ளையை முற்றத்து வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய், செம்பு ஈரலைக் கெடுத்துக் கண்ணில் மஞ்சள் தட்டியிருக்கிறதா என்று இமையை விலக்கிப் பார்ப்பீர்கள். ஈரலுக்கு ஒன்றுமில்லை என்று முடிவு வந்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. கடையை மூடிவிட்டு ஏசி பழுது பார்க்கத் திரும்பினீர்கள். அந்த மூன்று வீடுகளுக்கும் நேரில் போனீர்கள். இரண்டு வீட்டில் உட்காரச் சொன்னார்கள், ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு வந்ததாகச் சொன்னீர்கள். பல வருடம் கழித்து ஒருநாள் நாகர்கோவிலுக்குப் போகும் பஸ்ஸில் உங்களுக்கு நெஞ்சு வலித்தது. எனக்குப் போன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

போன மாதம் பக்கத்து வீட்டு விருந்துக்கு நான் மீன் குழம்பு வைத்துக் கொடுத்தேன். சாப்பிட்ட சின்னக் குழந்தைக்கு வயிறு பிரட்டியது. யார் எதைக் கொடுத்தார்கள் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஐஸ்கிரீம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அது தெரிவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போக நான் ஆட்டோவில் அவர்களோடு ஏறிவிட்டேன். எந்தச் சட்டியில் வைத்தேன், எப்போது இறக்கினேன், என்ன புளி போட்டேன் என்று கேட்கும் முன்னே நர்ஸிடம் சொன்னேன்.

எனக்குப் பயம் போகவில்லை. இனிப் போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் பயந்துகொண்டே உள்ளே போய்ச் சொல்ல வேண்டியதைச் சொன்ன ஒருவரோடு நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அதனால் வாசலோடு திரும்பிவர எனக்குத் தெரியவில்லை.