வாய்க்காலைத் திறந்துவிட்டார்கள், அக்கா

என் அன்பான ஸ்டெல்லா அக்கா,

இந்த வருஷம் உன் ஊர் வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது. நீ இறந்து இரண்டு வருஷமாகியும் அதை உன் ஊர் என்றே சொல்கிறேன். லால்குடியில் பிறந்தவளுக்கு, ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே நெல் விளையும் ஒரு சின்ன டெக்சஸ் ஊர் எப்படிச் சொந்த ஊரானது?

நினைவிருக்கிறதா? மேலே நீர்த்தேக்கங்கள் வற்றியதும், இருந்த தண்ணீரை நகரங்களுக்கு வைத்துக்கொண்டு வயல்களுக்கான வாய்க்காலை மூடினார்கள். ஒரு வருஷம்தான் என்றார்கள். அடுத்த வருஷமும் திறக்கவில்லை. நெல் காயவைக்கும் ஆலையைப் பூட்டினார்கள். நீ டாக்டராக இருந்த கிளினிக்கையும் மூடிவிடலாமா என்று அதன் நிர்வாகம் யோசித்தது.

அப்போதுதான் உன்னை அழைத்துப்போக, வடக்கே நான் இருக்கும் ஃபிரிஸ்கோவிலிருந்து வந்தேன். வானிலைத் தரவுகளைப் பார்ப்பது என் வேலையாயிற்றே! உன் மாவட்டத்தின் பழைய மழைக் கணக்கையெல்லாம் ஒரே படமாக்கி, வறண்ட வருஷங்களைச் சிவப்பில் காட்டினேன். உன் பேஷன்ட் ஜெரியின் அப்பா காலத்தில் வந்த நீண்ட வறட்சி, நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்தது, இப்போது வந்திருப்பது. இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது, இங்கே இனி எதிர்காலம் இல்லை, என்னோடு வந்துவிடு என்றேன்.

நீ லேப்டாப்பை உன் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தாய்.

"கேப் குறையுது, ஒத்துக்கிறேன்டா. ஆனா கேப்னு ஒண்ணு இருக்குல்ல? அப்ப இவங்க விதைப்பாங்க. விதைக்காத வருஷத்துலதான் எல்லாருக்கும் பிபி ஏறும், தூக்கம் போகும். அப்ப நான் ஃபிரிஸ்கோல உக்காந்து என்ன பண்றது?"

நீ வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுத் தனியாகத்தான் திரும்பினேன்.

நிர்வாகத்தை விடாமல் நச்சரித்து, வாரத்தில் சில நாட்களாவது கிளினிக் திறந்திருக்கும்படி செய்தாய். புற்றுநோய் வந்து ஹூஸ்டனில் கீமோ எடுத்துக்கொண்டபோதும், முடிந்த நாளெல்லாம் போனாய். வாய்க்கால் திறந்ததைப் பார்க்கத்தான் உனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

போன வாரம் என் மகள் அனுவோடு உன் ஊருக்கு வந்தேன். ஜெரி எங்களை வயலுக்குக் கூட்டிப்போனார். முதல் அறுவடை முடிந்து, தாளிலிருந்து மறுபடி துளிர்த்த பயிர் கதிர் பிடித்து நின்றது. நாம் மறுதாம்பு என்போமே, அதேதான். பாதி நிலத்தில்தான் விதைத்தாராம். மீதியில் மாடு மேய்கிறது. அடுத்த வருஷம் எப்படியோ என்றார்.

வறட்சியில் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போக நினைத்ததாகவும் சொன்னார். ஏன் போகவில்லை என்று அனு கேட்டாள். "உன் அத்தை ஒவ்வொரு தடவையும் அடுத்த மாசம் வான்னு அப்பாயின்ட்மென்ட் கொடுத்துட்டே இருந்தாங்க" என்று தன் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தார். அனுவும் சிரித்தாள். நான் பயிரைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் திரும்பி நின்றுகொண்டேன்.

உன் இடத்தில் ஓர் இளம் டாக்டர் வந்திருக்கிறாள். கிளினிக் வாசலில் கார் நிறுத்த இடமில்லை. சர்ச்சுக்குப் பின்னால் உன் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினோம், காற்று அணைத்து அணைத்து விளையாடியது. வீடு திரும்பும் வழியெல்லாம் மனசு நிறைந்திருந்தது, அக்கா.

வாய்க்காலை மறுபடியும் மூடுவார்கள், அது எனக்குத் தெரியும். அந்த வருஷமும் வருவேன். வயல் காய்ந்து கிடக்கும்போது ஜெரி வீட்டுக் கதவைத் தட்டி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பேன்.

உன் கடைசித் தம்பி,
சேவியர்