இன்னொரு காது

ஹடப்சர், புனே
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மங்கைக்கு,

ஜெகதீசன் எழுதுவது. நலம் விசாரிக்கக்கூட எனக்கு முகமில்லை. ஆனாலும் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ப்ரியாவும் நன்றாக இருக்க வேண்டும். போனை நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்க்காமலே அழித்துவிடுவாய். காகிதத்தைக் கிழிப்பதற்கு முன்னால் ஒரு வரியாவது கண்ணில் படும் என்றுதான் கடிதம் எழுதுகிறேன்.

இங்கே மழை விட்டபாடில்லை. துணி எதுவும் காயவில்லை. பதவி உயர்வு வந்ததை அம்மா சொல்லியிருப்பாள். ஆபீஸில் எல்லாருக்கும் பேடா வாங்கிக் கொடுத்தேன். நான் ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் தருண் கரூர் வந்தபோது உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் கதையெல்லாம் உளறிவிட்டானாம். அவன்மேல் கோபம் இல்லை, அவன் சொன்னது உண்மை. ப்ரியாவுக்குக் காதுகுத்து வைத்திருந்த அந்தச் சனி, ஞாயிறு யார் வேலைக்கு இருப்பீர்கள் என்று மேனேஜர் கேட்டபோது முதலில் கையைத் தூக்கியவன் நான்தான். லீவு கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். கேட்டால்தானே கிடைக்கும்? ஊருக்கு வந்தால் அந்தப் பதவி வேறு யாருக்காவது போய்விடுமோ என்று பயந்து செத்தேன்.

தோட்டையும் பட்டுப்பாவாடையையும் கூரியரில் அனுப்பினேன். என்னையும் ஒரு பார்சலாகக் கட்டியிருக்கலாம். தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தை உன் மடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பலகையில் சாத்தி வைத்த செல்போனில் நான். மாமன் போனிலேயே இருக்கேன், குத்துங்க என்று அத்தனை பேர் முன்னால் சொன்னதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஆசாரி வலது காதைக் குத்தியதும் ப்ரியா வீறிட்டாள். அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். உன் அழைப்பைத் துண்டித்துவிட்டு அதை எடுத்தேன்.

அப்புறம் நடந்தது அம்மா சொல்லித்தான் தெரியும். மற்ற காது எங்க அண்ணன் வந்த பிறகுதான் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாயாமே. லீவு கொடுக்காமல் அவரைப் படுத்துகிறார்கள், அங்கே அழுதுகொண்டிருப்பார் என்று உன் மாமியாரிடம் எனக்காகச் சண்டை போட்டாயாம். நான் அழவில்லை மங்கை. மீட்டிங்கில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆவணி முதல் வெள்ளியன்று நம் சித்தப்பா மகன் மடியில் உட்கார வைத்து இன்னொரு காதையும் குத்திவிடப் போகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். தப்பே இல்லை. ஒற்றைத் தோட்டோடு குழந்தை எத்தனை நாள் திரிவாள்? அவளுக்கு மாமன் இருக்கிறானா இல்லையா என்று கேட்கிறவர்களுக்கு நீதான் எத்தனை நாள் பதில் சொல்வாய்?

அதற்கு முந்தின நாள் காலையில் கரூர் வந்து இறங்குகிறேன். இந்த முறை நிஜமாகவே லீவு கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் மேனேஜர் சரி என்றார். கொடுக்க மாட்டேன் என்றிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நீ என்னோடு பேச வேண்டாம். இலை போட வேண்டாம். மாமனுக்குச் செய்கிற மாலை, மரியாதை எதுவும் வேண்டாம். ஆசாரி வரும்வரை வாசலிலேயே நிற்கிறேன். அந்த ஒரு நேரத்துக்கு மட்டும் குழந்தையை என் மடியில் வை.

ப்ரியா நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழட்டும். அவளுக்கு ஒரு தம்பி பிறந்தால், என் ஜாடை வந்தாலும் என் குணம் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு, அண்ணன் என்று எழுதக் கை கூசும்,
ஜெகதீசன்