ஏழால் வகுபடாத ஓட்டுகள்

ஜூன் 4

காலையில் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். இன்னும் சொட்டுகிறது.

மாலை அக்கா வீடு. இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் பின் கட்டடம், நாலாவது மாடி, லிஃப்ட் ஓடி எட்டு மாதம் ஆகிறது. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு மாமா படி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு முறை நாற்காலியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். "மூட்டை மாதிரி இனிமே போகமாட்டேன்" என்று அதோடு வீட்டிலேயே இருந்துவிட்டார்.

அந்த லிஃப்டுக்காகத்தான் அக்கா குடியிருப்போர் சங்கத் தேர்தலில் நின்றாள். ஏழு இடம், பத்துப் பேர் போட்டி. எட்டாவதாக வந்திருக்கிறாள். ஒரு ஓட்டில் தோல்வி. ஏழாவதாக வந்தவர் முன் கட்டடத்து ஜிம்காரர். "பின் கட்டடத்து லிஃப்டுக்கு நாங்க ஏன் அழணும்" என்று கூட்டத்தில் கேட்டவர்.

"ஓட்டுதானே போச்சு, உயிரா போச்சு?" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

ஜூன் 5

நேற்று இறங்கும்போது நோட்டீஸ் பலகையில் இருந்த ஓட்டுக் கணக்கைக் குறித்துக்கொண்டு வந்தேன். பத்திரிகைக்காரன் புத்தி. 55, 51, 48, 46, 43, 41, 37 — அடுத்து அக்கா 36 — பிறகு 27, 20. கூட்டினால் 404.

கீழே விதி: ஒவ்வொரு சீட்டிலும் சரியாக ஏழு பேருக்கு டிக் போட வேண்டும், கூடினாலும் குறைந்தாலும் சீட்டு செல்லாது. அப்படியென்றால் மொத்த ஓட்டு ஏழால் மீதியில்லாமல் வகுபட்டாக வேண்டும் அல்லவா?

கடைசி இலக்கத்தை இரட்டிப்பாக்கி, முன்னால் நிற்கும் எண்ணிலிருந்து கழித்துப் பார்த்தேன். 40-இல் 8 போக 32. ஏழின் வாய்ப்பாட்டில் 32 கிடையாது. நம்பாமல் நேராகவும் வகுத்தேன். மீதி 5.

பத்து எண்ணையும் கீழிருந்து மேலாகக் கூட்டினேன். அதே 404.

ஜூன் 6

வேலையில் மனம் ஓடவில்லை. யாராவது சீட்டை ஒளித்திருப்பார்களா? இல்லை. ஒரு சீட்டு காணாமல் போனால் ஏழு ஓட்டு சேர்ந்தே போகும், மீதி வராது. இது எண்ணும்போது அல்லது கூட்டும்போது விழுந்த தப்பு. யார் கணக்கில் என்று 404 சொல்லாது. வகுபட்டிருந்தால் எல்லாம் சரி என்றும் அர்த்தமில்லை. வகுபடாததால் எங்கோ தப்பு — அது மட்டும் நிச்சயம்.

ஒரு ஓட்டு வித்தியாசத்தில் அது போதாதா?

ஜூன் 7

அக்காவிடம் சொன்னேன். "தோத்தவ புலம்புறான்னு சிரிப்பாங்கடா. உன் பேப்பர்ல போட வேற சேதி இல்லையா?"

"பேப்பர்ல போடறதா யார் சொன்னா? இது வெறும் வாய்ப்பாடுக்கா."

"வாய்ப்பாட்டை வச்சு நான் லிஃப்ட்ல ஏற முடியுமா?"

மாமா அதுவரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு அவர் பேரில் இருப்பதால் புகார் கொடுக்கும் உரிமை அவருக்குத்தான். "மாப்ளே, பேனா இருக்கா?" என்றார்.

ஜூன் 9

ஓட்டு எண்ணியது தரைத்தளத்துப் பல் டாக்டர். நல்ல மனிதர், கொஞ்சம் கனத்த உடம்பு. 404-ஐ ஏழால் வகுத்துப் பார்த்துவிட்டு, "அட ராமா" என்றாராம். மறு எண்ணிக்கைக்குச் சம்மதம். ஆனால் விதிப்படி புகார் கொடுத்தவர் எதிரே எண்ண வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கீழே வரச் சொல்லுங்கள் என்று போனில் சொல்லியிருக்கிறார்.

அக்கா சொன்ன பதில்: "லிஃப்ட்டை அனுப்புங்க டாக்டர், வருவாரு."

ஜூன் 11

ஓட்டுப் பெட்டி மேலே வந்தது. ஜிம்காரர் தோளில் தூக்கிக்கொண்டு முதலில் வந்து சேர்ந்தார். பல் டாக்டர் மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா தண்ணீர் கொண்டு இறங்கினாள். அவர் பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டினார். மேலே வந்த பிறகும் நெஞ்சில் கை வைத்தபடி, "இதை தினம் எப்படிம்மா ஏறறீங்க?" என்றார்.

"நான் ஏறிடறேன். அவரு இறங்கறதுதான் இல்லை."

ஜிம்காரர் வாசலிலேயே நின்றார். மாமாவைப் பார்த்து, "சார்... நீங்க பையன் வீட்டுக்குப் போயிட்டீங்கன்னு நினைச்சேன். ரொம்ப நாளா ஆளையே காணோமே!"

"பையனா? எனக்குப் பொண்ணு மட்டும்தான்பா. இங்கயேதான் இருக்கேன்."

ஜிம்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பிறகு எண்ணினோம். செல்லும் சீட்டு 58. ஜிம்காரரின் கணக்கில் மூன்று ஓட்டை விட்டிருந்தார்கள், அவருக்கு 40. அக்காவுக்கு ஒன்று கூடுதலாகக் கோடு விழுந்திருந்தது, அவளுக்கு 35. மற்றவை சரி. மொத்தம் 406. 58-ஐ ஏழால் பெருக்கினாலும் அதேதான்.

கணக்கு நேரானது. அக்கா ஒரு ஓட்டுக்குப் பதில் ஐந்து ஓட்டில் தோற்றாள்.

ஜூன் 12

போன் செய்யத் தயங்கினேன். அவளே செய்தாள். "உன் ஏழால என் ஓட்டு ஒண்ணு போச்சேடா, பாவி." சிரித்தாள். நிஜமாகச் சிரித்தாளா, தெரியவில்லை. சும்மா இருந்திருக்கலாமோ? தப்பான கணக்கை அப்படியே விட்டிருந்தால் ஒரு ஓட்டில் தோற்ற மரியாதையாவது மிச்சம் இருந்திருக்கும். விட என்னால் முடியாது, அதுதான் வினை.

ஜூன் 18

புதுக் கமிட்டியின் முதல் கூட்டம். அக்கா சொல்லித்தான் தெரியும். லிஃப்ட் பேச்சை எடுத்தது ஜிம்காரராம். ஆறு பேர் கை தூக்க, ஒருவர் மட்டும் முணுமுணுத்தார். பார்வையாளராக உட்கார்ந்திருந்த பல் டாக்டர், "நீங்க ஒரு தடவை ஏறிட்டு வந்து பேசுங்க" என்றாராம்.

ஜூன் 27

லிஃப்ட் கதவைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். மெக்கானிக் குழிக்குள் இறங்கி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். படியேறித்தான் போனேன்.

ஜூலை 2

மழை. ஆபீஸ், வீடு.

ஜூலை 9

கதவு தட்டும் சத்தம். பால் கணக்குக்கு வந்திருப்பார்கள் என்று பனியனோடு திறந்தேன். மாமா நின்றார். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கை சுவரில். பின்னால் அக்கா, குடையோடு. செருப்பு அத்தனை நாள் கிடந்து விறைத்துப்போய் அவருடைய கட்டைவிரலைக் கடித்திருந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

"உள்ள வரச் சொல்லுவியா மாப்ளே," என்றார், "இல்லை, இப்படியே திரும்பிப் போகவா?"