இங்கே எதுவும் கிடைக்காது

நேற்று உன் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் பெண்சாதி வாசலில் சாக்கை விரித்துப் புதுப்புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை பட்டதும் எனக்கு நம் மலை ஞாபகம் வரவில்லை. பனாமா தேசத்தில், துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த சந்தைதான் ஞாபகம் வந்தது. ஊர் திரும்பி இத்தனை மாசமாகியும் இந்த மூக்குக்குப் புத்தி வரவில்லை, பார். நீ இருந்திருந்தால், "சீமை மூக்குங்க, அப்பிடித்தான் இருக்கும்" என்று ஒரு குத்து குத்தியிருப்பாய்.

நீ போய் நாலு வருஷமாகிறது. உனக்கு எழுத்து தெரியாது. நான் எழுதிய கடிதங்களை எல்லாம் உன் தம்பிதான் படித்துக் காட்டினான், நீ சொல்லச் சொல்லப் பதிலும் அவன்தான் எழுதினான். இந்த ஒன்றை மட்டும் அவன் கையில் கொடுக்கப் போவதில்லை.

நான் கிளம்பிய அன்று நீயும் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வரை இறங்கி வந்தாய். அப்போது மலைக்கு ரோடு ஏது? ஒற்றையடிப் பாதைதான். என் கையில் தகரப் பெட்டி, உன் தலையில் ஒரு மூட்டை மிளகு. புருஷனை வழியனுப்ப வருகிறவள் இன்றைக்காவது வெறுங்கையோடு வரக்கூடாதா என்று கேட்டேன். "எறங்கறதுதான் எறங்கறோம், சும்மா எறங்குவாங்களாக்கும்?" என்றாய். பஸ் கிளம்பும்வரை உன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அழுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பல் சமையலறையில் எடுபிடியாகப் போனவன், பனாமாவில் இறங்கி, நம் நாட்டு வியாபாரி ஒருவரின் துணிக்கிடங்கில் சேர்ந்தேன். வேலை மூட்டை தூக்குவது. கப்பலிலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து கடைக்கு. ராத்தங்கலும் அந்தக் கிடங்கின் மூலையில்தான். ஊருக்கு எழுதியது என்னவோ ஆபீசு உத்தியோகம் என்று. நம் மலையின் திண்ணனூர் நாட்டில் எட்டாவது வரை படித்தவன் நான் ஒருவன்தான் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவனாயிற்றே, வேறெப்படி எழுதுவேன்?

முதல் கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி நான் எழுதியது பொய்யில்லை. ரொட்டியும் டப்பாவில் அடைத்த மீனுமாக மூன்று மாசம் ஓட்டினேன். வாய் செத்துப்போயிற்று. இங்கே புளி கிடையாது, துவரை கிடையாது, கொத்தமல்லி வாசனைகூடக் கிடையாது என்று புலம்பி எழுதினேன்.

அதை எழுதி ஒரு மாசம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் போன போக்கில் அந்தச் சந்தைக்குள் நுழைந்துவிட்டேன். முதலில் கண்ணில் பட்டது மரவள்ளிக் கிழங்கு. மலைமாதிரிக் குவித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் தேங்காய், இஞ்சி, சீரகம். ரம்பம்போல் ஓரம் வெட்டிய ஒரு நீள இலையைக் கசக்கினால் அசல் கொத்தமல்லி வாசம். துவரைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் குவாந்தூ. புளியைத் தமரிந்தோ என்றார்கள். எல்லாம் அங்கேதான் இருந்தது, பெயர் தெரியாமல் நான்தான் பட்டினி கிடந்திருக்கிறேன். தலையில் துணி கட்டிய கடைக்காரி ஒருத்தி புளியுருண்டையை என் உள்ளங்கையில் வைத்தாள். நட்டநடுச் சந்தையில் நின்றுகொண்டு அழுதேன். மண்ணெண்ணெய் அடுப்பில் அன்றைக்கு நான் வைத்த குழம்பை நீ பார்த்திருக்க வேண்டும். அடேயப்பா, சட்டியை வழித்து வழித்துத் தின்றேன்.

மறுநாளே உனக்கு எழுதலாம் என்றிருந்தேன். அதற்குள் உன் கடிதம் வந்துவிட்டது. "ஒண்ணுங் கெடைக்காத ஊர்ல நீங்க எப்பிடி இருப்பீங்க? நான் வந்து பொங்கிப் போடறனுங்க. தம்பி மெட்ராசு வரைக்கும் வந்து கப்பல் ஏத்தி உடறேங்கறான். எப்ப வரட்டும்னு எழுதுங்க."

நீ கப்பலை விட்டு இறங்கியதும் முதலில் பார்க்கப் போவது என் முதுகில் இருக்கிற மூட்டையைத்தானே. ஆபீசும் இல்லை, வீடும் இல்லை. இதைக் கடிதத்தில் எழுத முடியுமா? உன் தம்பி வாசலில் உட்கார்ந்து உரக்கப் படிப்பான், சுற்றிலும் ஊரே குந்தியிருக்கும், பொழுது சாய்வதற்குள் மலையில் எடப்புளி நாடு வரை சேதி போய்விடும். அதனால் எழுதினேன்: "வர வேண்டாம். இங்கே எதுவும் கிடைக்காது. நீ வந்தால் நீயும் சேர்ந்து பட்டினிதான்."

நீ யார், விடுகிற ஆளா? மூன்று மாசத்தில் பார்சல் வந்தது. துணியில் வைத்துத் தைத்து, உள்ளே உப்புப் போட்டு இடித்த புளி, செம்மண் கட்டிக் காயவைத்த துவரை. கூடவே கடிதம்: "இனி வரட்டுங்களா?" அரிசி சரியில்லை என்று எழுதினேன். குத்திய சாமை வந்தது. மறுபடியும் "வரட்டுங்களா?" அரைக்க அம்மி இல்லை என்று எழுதினேன். "அம்மி பார்சல்ல போகுமான்னு தபால்காரரக் கேட்டனுங்க, அவரு சிரிக்கறாரு" என்று பதில் வந்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, அடுத்து என்ன இல்லை என்று எழுதலாம் என யோசித்தேன். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

மூட்டை தூக்குகிறவன் என்று தெரிந்தால் நீ என்னைக் கேவலமாகவா நினைத்திருப்பாய்? ஆயுசு பூராவும் தலைச்சுமையோடு இந்த மலையை இறங்கி ஏறியவள் நீ. பொண்டாட்டி சுமந்ததைப் புருஷன் சுமந்தால் என்ன குறைந்துவிடும்? அந்த வயசில் எனக்கு இது உறைக்கவில்லை. முட்டாளுக்கு வீறாப்பு ஒன்றுதான் மிச்சம்.

பிறகு ஒரு நாள் பார்சல் நின்றது. "வரட்டுங்களா" என்ற கேள்வியும் நின்றது. உன் கடிதங்கள் நாலு வரியாகச் சுருங்கிப்போயின. மழை பேய்ஞ்சுது, ஆடு குட்டி போட்டுது, ஒடம்பப் பாத்துக்குங்க. ஏன் என்று நான் கேட்கவில்லை. அப்பாடா, ஒரு வழியாக அடங்கினாள் என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. தூளி கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வரை நீ தாங்கவில்லை. அந்தக் கடிதம் என் கைக்கு வந்தபோது உன் கருமாதியே முடிந்திருந்தது. அன்றைக்கும் மூட்டை தூக்கினேன்.

நேற்று, புளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இத்தனை நாள் கேட்காததை உன் தம்பியிடம் கேட்டுவிட்டேன். "உங்கக்கா ஏன்டா கடைசில வாரேன்னு எழுதவே இல்ல?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அது இப்ப எதுக்குங்க மச்சான்?"

"சொல்றா."

"தைப்பொங்க நோம்பிக்கு ஒரு காயிதம் போட்டிருந்தீங்க. பச்சத் தொவரை அவிச்சுத் தின்னேன், நம்மூர்தாட்டவே இருந்துச்சுன்னு. அக்கா நிறுத்தச் சொல்லுச்சு. 'பச்சையா, காஞ்சதா? நல்லாப் பாருடா'ன்னுச்சு. பச்சைன்னுதான் இருக்குதுன்னேன்."

நான் எழுதியது எனக்கே மறந்துபோயிருந்தது. நீ அனுப்பியது காய்ந்த துவரை. பச்சைக்காய் பறித்த மூன்றாம் நாளே வதங்கிவிடும், மூன்று மாசக் கப்பலில் வருமா? வெள்ளாமைக்காரிக்கு அந்த ஒரு சொல் போதாதா?

"அப்புறம் என்னடா சொன்னா?"

"'அப்ப அங்க எல்லாமே கெடைக்குது. அவிச்சுப் போடவும் ஒருத்தி இருக்கறாளாட்ட இருக்குது'ன்னுச்சுங்க. அவ்வளவுதான். எந்திரிச்சு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருச்சு. இத உங்களுக்கு எழுதப்படாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிச்சு."

அந்தத் தையிலிருந்து ஐப்பசி வரை, ஒன்பது மாசம், நீ அந்த ஒருத்தியை நெஞ்சில் வைத்துக்கொண்டு தழை ஒடித்திருக்கிறாய், களை வெட்டியிருக்கிறாய், எனக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருக்கிறாய். தம்பியை வைத்துக்கொண்டு புருஷனை எப்படிக் கேட்பாய்?

ஒருத்தியும் இல்லை, புள்ள. அந்த நோம்பிக்குக் கிடங்கு பூட்டியிருந்தது. உள்ளே மூட்டைமேல் உட்கார்ந்து நானே உரித்தேன், நானே அவித்தேன், ஒண்டியாகத் தின்றேன். இருக்கிறாள் என்று நீ நம்பிக்கொண்டே போன அந்த ஒருத்தியோடுதான் இனி நான் காலம் தள்ள வேண்டும்.